தேவ அழைப்பு நம் திட்டத்தைக் கவிழ்த்தால்: எப்படிச் சோதிப்பது, எதை முதலில் செய்வது?

கேள்வி: பாதி_உழவு

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஆபிரகாம் புறப்பட்டுப் போனான், யோனா ஓடிப்போனான், மரியாள் ‘ஆகக்கடவது’ என்றாள். இந்த மூன்றையும் வைத்து எத்தனையோ செய்திகள் கேட்டாயிற்று. கீழ்ப்படிய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. நடைமுறையில்தான் தடுமாற்றம்.

ஒருவர் நல்ல மனசாட்சியோடு திட்டம் போட்டு வைத்திருக்கிறார்: மேற்படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். எதிலும் பாவமில்லை. அந்த நேரம் பார்த்து ‘இதை விட்டுவிட்டு என் வேலைக்கு வா’ என்று கர்த்தர் சொல்கிறார் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போகமாட்டேன் என்கிறது.

அது கர்த்தருடைய சத்தம்தானா என்று எப்படிச் சோதிப்பது? கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு ‘இதில் மட்டும் பனி பெய்யட்டும்’ என்று கேட்டதுபோல அடையாளம் கேட்கலாமா? உண்மை என்று தெரிந்தபின் எந்த வரிசையில் காரியங்களைச் செய்வது? வேலையை முதலில் விடுவதா, வீட்டில் முதலில் சொல்வதா, சபையிலா? எல்லாம் விட்டுப் புறப்பட்டபின் கதவு அடைபட்டால், ஆரம்பத்தில் கேட்டதே தப்பு என்று அர்த்தமா?

‘ஜெபியுங்கள், சமாதானம் வரும்’ என்ற பதில் ஏற்கனவே கையில் இருக்கிறது. அதற்கு மேலே ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1: துரோவா_துறை

கிதியோனில் ஆரம்பிக்கிறேன். அதிகம் பேர் வழுக்குவது அங்கேதான். நியாயாதிபதிகள் 6:36-ஐ நிதானமாக வாசியுங்கள், ‘நீர் சொன்னபடி’ என்று அவனே சொல்கிறான். கட்டளை 14-ம் வசனத்திலேயே வந்தாயிற்று, 16-ல் வாக்குத்தத்தமும் வந்தாயிற்று, 21-ல் கன்மலையிலிருந்து அக்கினி எழும்பிப் பலியைப் பட்சித்தும் ஆயிற்று. அதற்கப்புறம் போட்டதுதான் ஆட்டுத்தோல். தெரியாத சித்தத்தைத் தெரிந்துகொள்ள அவன் அதைப் போடவில்லை. தெரிந்த சித்தத்துக்குப் பயந்து போட்டான். அதனால்தான் இரண்டாம் தடவை கேட்கும்போது, கோபப்படாதேயும் என்று கெஞ்சுகிறான். கர்த்தர் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் பொறுத்துக்கொண்டதை நாம் ஒரு முறையாக்கிக்கொள்ளக் கூடாது.

நாம் கேட்கிற அடையாளங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. ‘இந்த வாரத்துக்குள் யாராவது ஊழியத்தைப் பற்றிப் பேசினால்’ என்று கேட்கிறவர் போக ஆசைப்படுகிறவர். அது எப்படியும் நடந்துவிடும். ‘நாளை காலை யாரென்றே தெரியாத ஒருவர் வந்து என் கடனை அடைத்தால்’ என்று கேட்கிறவர் போக விரும்பாதவர். இரண்டிலும் கர்த்தருக்கு முன்பே நாம் பதில் சொல்லி முடித்துவிட்டோம்.

‘கதவு திறந்தது, அதனால் போனேன்’ என்பதும் தனியாக நிற்காது. நினிவேக்கு அனுப்பப்பட்ட யோனா யோப்பாவுக்குப் போன அன்று தர்ஷீசுக்குப் போகும் கப்பல் அங்கே நின்றது. கையில் கூலி இருந்தது, கொடுத்தான், ஏறினான். எல்லாம் பொருந்தி வந்தது. போன திசைதான் தப்பு.

சோதிப்பதற்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது எரேமியா 42. எருசலேம் விழுந்தபின் மீந்திருந்தவர்கள் எரேமியாவிடம் வந்து, ‘கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம்’ என்று கர்த்தரையே சாட்சியாக வைத்துச் சொல்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். உடனே ‘நீ பொய் சொல்லுகிறாய்’ என்கிறார்கள், எரேமியாவின் எழுத்தன் பாருக்குதான் அவரை ஏவிவிட்டான் என்று பழியும் போடுகிறார்கள். ஏன் என்று தெரிய முந்தின அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். 41:17-ல் அவர்கள் ஏற்கனவே பெத்லகேம் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள், எகிப்துக்குப் போகிற வழியில். மூட்டை கட்டிவிட்டு வந்து சித்தம் கேட்டார்கள்.

ஆகவே சோதனையின் முதல் படி நம்மை நாமே சோதிப்பது. ‘போகாதே’ என்று பதில் வந்தால் என் முகம் எப்படி மாறும்? ‘போ’ என்று வந்தால்? இரண்டில் ஒன்றை நினைத்தாலே வயிறு கலங்குகிறது என்றால், கேட்கத் தயாராகும்வரை இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். எரேமியாவே பத்து நாள் காத்திருந்துதான் பதில் பெற்றார், அவர் தீர்க்கதரிசி.

இரண்டாவது படி, அழைப்பை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. அதில் என்ன செய்யச் சொல்கிறார், யாருக்காக, எங்கே என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘கர்த்தருக்காகப் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும்’ என்பது பாரம். பாரம் நல்லது, ஆனால் அதை நம்பி ராஜினாமா எழுத முடியாது. ஆபிரகாமுக்கும் போய்ச் சேரும் இடம் சொல்லப்படவில்லையே என்பீர்கள். எபிரெயர் 11:8-ம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் விடவேண்டியது மூன்றும் அவனுக்குத் துல்லியமாகச் சொல்லப்பட்டன: தேசம், இனம், தகப்பன் வீடு. போகுமிடம் மங்கலாக இருக்கலாம், அடுத்த அடி மங்கலாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, தனியாக முடிவெடுக்காதிருப்பது. அப்போஸ்தலர் 16:9-ல் தரிசனம் கண்டது பவுல் ஒருவர். 10-ம் வசனத்தில் வாக்கியம் ‘நாங்கள்’ என்று மாறுகிறது. தேவன் அழைத்தார் என்று அவர்கள் சேர்ந்து நிச்சயிக்கிறார்கள். அங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது என்று பொருள். ஆசியா என்ற அன்றைய ரோம மாகாணத்தில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகப் பார்த்தபோது தடை, இப்போது இந்தத் தரிசனம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே திசைதான் மிஞ்சுகிறது. அபாரமான தரிசனம் கண்ட பவுலே அதைக் கூட்டாளிகளிடம் வைத்துப் பேசியிருக்கிறார் என்றால், நமக்கு ராத்திரி வந்த ஒரு எண்ணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தியோகியாவும் இதே மாதிரிதான் (13:1-3). ஐந்து பேர் ஆராதித்து உபவாசிக்கும்போது ஆவியானவர் பேசுகிறார். ‘நான் அவர்களை அழைத்த ஊழியத்துக்காக’ என்கிறார், அதாவது அழைப்பு முன்பே வந்தாயிற்று. சவுலுக்கு, அதாவது பவுலுக்கு, அது தமஸ்கு வழியிலேயே தெரியும். சபை கைவைத்து அனுப்பியது பல வருஷங்கள் கழித்து. அழைப்புக்கும் அனுப்புதலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைத் தாமதம் என்றோ கீழ்ப்படியாமை என்றோ எண்ணிக் குற்ற உணர்வில் தவிக்கிறவர்கள் நிறைய.

பதில் 2: பெத்தேல்_சாலை

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘கர்த்தர் எனக்குச் சொன்னார், நீங்கள் ஊழியத்துக்கு வரவேண்டுமாம்’ என்று பிறர் கொண்டுவரும் வார்த்தையைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

1 இராஜாக்கள் 13. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்குக் கட்டளை தெளிவாக இருந்தது: அங்கே அப்பம் தின்னாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே. ராஜாவே வீட்டுக்குக் கூப்பிட்டும் மறுத்தவன். ஆனால் ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, ‘நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான்’ என்றதும் திரும்பிப்போய்ச் சாப்பிட்டான். அது பொய் என்று வேதமே அந்த இடத்தில் சொல்கிறது. வழியில் சிங்கம் அவனைக் கொன்றது.

பிறர் வழியாக வரும் வார்த்தை நீங்கள் ஏற்கனவே கேட்டதை உறுதிப்படுத்தலாம். நீங்கள் கேட்கவே கேட்காத ஒன்றை அது தொடங்கிவைத்தால், குறித்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். கேட்டதை ரத்து செய்தால் இன்னும் மெதுவாகப் போங்கள். சொல்கிறவருடைய வயசு, பேர், அபிஷேகம் எதுவும் இதில் எடுபடாது. 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள். பாதி வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்கிற சபைகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

பதில் 3: பாருக்கின்_பேனா

வரிசையைப் பற்றிக் கேட்டீர்கள். எரேமியா 32-ஐப் போல அலுவலக மொழியில் எழுதப்பட்ட கீழ்ப்படிதல் வேதத்தில் வேறெங்கும் கிடைக்காது.

எருசலேம் முற்றுகையில் இருக்கிறது. எரேமியா காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். நகரம் விழும் என்று சொன்னதும் அவர்தான். அந்த நேரத்தில், ‘உன் பெரியதகப்பன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்பான்’ என்று வார்த்தை வருகிறது. சத்துரு கைக்குப் போகப்போகிற நிலத்துக்குக் காசு கொடுப்பதா? அவர் உடனே ஓடவில்லை. அனாமெயேல் வந்து அதே வார்த்தையைச் சொன்னபின்தான், ‘இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்’ என்கிறார் (32:8). தீர்க்கதரிசிக்கும் வெளியிலிருந்து ஒரு உறுதிப்பாடு தேவைப்பட்டது, பார்த்தீர்களா.

அதன்பின் செய்ததைக் கவனியுங்கள். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய எடையில் அது 200 கிராமுக்கும் உள்ளே. பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சிகளை வைக்கிறார். முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, பலகாலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இவ்வளவும் முடிந்தபிறகு ஜெபிக்கிறார், அந்த ஜெபத்தில் குழப்பம் கொட்டுகிறது: நகரம் கல்தேயர் கையில் போகிறதே, என்னைப் போய் நிலம் வாங்கச் சொன்னீரே (32:25). கேள்வி தீராமலே கீழ்ப்படிந்திருக்கிறார். கணக்கு வழக்கில் மட்டும் ஒரு பிசகில்லை.

இதை வைத்து வரிசை சொன்னால், வீட்டில் சொல்வது முதலில். கணவன் அல்லது மனைவிக்கு முன்பாக போதகருக்குத் தெரிந்தால், அந்த வீட்டில் பாதி எதிர்ப்பு அழைப்புக்காக வராது, ஒளித்ததற்காக வரும். அடுத்து சபை மூப்பர்களில் இரண்டு மூன்று பேர். அதில் ஒருவராவது உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லத் துணிகிறவராக இருக்கட்டும். எல்லாரும் ‘ஆமென்’ சொல்கிற குழுவிடம் கேட்பது கேட்பதே இல்லை.

பிறகு பணம். ஒரு தாளில் கடன்கள் எல்லாம்: யாருக்கு, எவ்வளவு, மாதத் தவணை, முடியும் தேதி. பிறருக்கு ஜாமீன் போட்டிருந்தால் அதுவும் கடன்தான், அதை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு தாளில், உங்கள் சம்பளத்தை நம்பி இருக்கிற ஆட்களின் பெயர்கள். இந்த இரண்டு தாளுக்கும் பதில் இல்லாமல் ராஜினாமா செய்வதை விசுவாசம் என்று நான் சொல்லமாட்டேன். லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவனை உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப்பார்க்கச் சொன்னவர் இயேசு. வழக்கமாக மூன்று வழி உண்டு: கடன் முடியும்வரை தேதியைத் தள்ளுவது, சொத்தை விற்று அடைப்பது, பவுல் கொரிந்துவில் கூடாரத்தொழில் செய்ததுபோலத் தொழிலோடு ஊழியத்தைத் தொடங்குவது. மூன்றாவதை இரண்டாந்தரமாக நினைக்கிறவர்கள் அப்போஸ்தலர் 18:3-ஐயும் 20:34-ஐயும் திரும்ப வாசிக்கலாம்.

ராஜினாமா கடைசியில் வரும். எலிசாவுக்கும் அப்படித்தான். பன்னிரண்டு ஏர் உழுத வயலில் பன்னிரண்டாம் ஏரோடு நின்றவன், வசதியான வீட்டுப் பிள்ளை. அழைப்பாக எலியாவின் சால்வை தன்மேல் விழுந்ததும் தாய் தகப்பனை முத்தமிட்டு வர அனுமதி கேட்டான். பிறகு ஏர்மாடுகளை அடித்து, ஏரின் மரமுட்டுகளையே விறகாக்கிச் சமைத்து ஜனங்களுக்குக் கொடுத்தான். திரும்பி உழுவதற்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் விடைபெறாமலும் போகவில்லை. போனபின் அவனுக்குக் கிடைத்த வேலை என்ன? எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தான் என்றுதான் 2 இராஜாக்கள் 3:11 அவனை அறிமுகம் செய்கிறது. மேடையை எதிர்பார்த்து வேலையை விட்டவர்கள் முதல் ஆறு மாதத்தில் மனமுடைவதற்குப் பெரும்பாலும் இந்தத் தண்ணீர் வார்க்கிற வேலைதான் காரணம். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பதில் 4: இஞ்ஞாசி_அன்பர்

கத்தோலிக்க மரபிலிருந்து சில குறிப்புகள். சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலில் இதற்கென்றே எண்ணிட்ட விதிகள் உண்டு. எல்லாருக்கும் தெரிந்தது எண் 318: உள்ளம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில் முந்தைய தீர்மானத்தை மாற்றாதே. வேலையில் அவமானப்பட்ட அன்று, காதல் முறிந்த வாரத்தில், தேர்வில் தோற்ற மாதத்தில் ‘இறைவன் என்னை அழைக்கிறார்’ என்று தோன்றினால் அதன்படி எதையும் மாற்ற வேண்டாம். அதே அழைப்பு மனம் தெளிந்தபின்னும் நிற்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் பேசப்படாதது எண் 336. உண்மையாகவே இறைவனிடமிருந்து வந்த ஆறுதலாக இருந்தாலும், அந்த நேரத்தையும் அதற்குப் பின்வரும் சூடான நேரத்தையும் பிரித்துப் பார் என்கிறார். அந்தப் பின்நேரத்தில் நாமே சொந்தமாகத் திட்டங்கள் போடுகிறோம். அவை இறைவனிடமிருந்து நேரே வந்தவை அல்ல. தியானக் கூட்டத்தில் ‘ஏழைகளிடம் போ’ என்ற தொடுதல் உண்மையாக இருக்கலாம். திரும்பி வரும் பேருந்தில் மனம் போடும் நிறுவனப் பெயர், கட்டடம், தொடக்க விழாத் தேதி எல்லாம் நம்முடையவை. பிற்பாடு அந்தக் கட்டடம் நின்றுபோனால் ‘அழைப்பே பொய்’ என்று உடைந்துபோகிறோம். அழைப்பு ஒன்று, நாம் ஒட்டவைத்த தோரணம் வேறு.

அதனால்தான் தியானம் நடத்துகிறவருக்கும் கட்டுப்பாடு வைத்தார். தியானம் செய்பவர் உருக்கத்தில் இருக்கும்போது அவசரப்பட்டு வாக்குறுதி கொடுக்கவிடாதே (14-ம் குறிப்பு). எந்தப் பக்கமும் தள்ளாதே, தராசு முள்போல நடுவில் நில், படைத்தவர் தாமே தம் படைப்போடு பேசட்டும் (15).

மனம் எந்தப் பக்கமும் அசையாத அமைதியில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி தருகிறார். கேள்வியை முன்னால் வை. எந்தப் பக்கமும் சாயாத மனதைக் கேள். ஏற்றால் வரும் நன்மை, ஏற்றால் வரும் ஆபத்து, ஏற்காவிட்டால் வரும் நன்மை, ஏற்காவிட்டால் வரும் ஆபத்து என்று நான்கையும் எழுது. கனமான காரணம் எந்தப் பக்கம் என்று பார். எண்ணிக்கை பார்க்காதே. தீர்மானித்ததை இறைவன் முன் வைத்து, ஏற்றுக்கொண்டு உறுதிப்படுத்தும்படி கேள். பலர் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். அப்போது அது வெறும் கணக்குப் புத்தகம் ஆகிவிடுகிறது. இதோடு ஒரு பார்வை உதவும்: முன்பின் பார்த்திராத ஒருவர் இதே நிலையில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? அதையே எனக்கும் சொல்லிக்கொள்வது.

துறவறமோ குருத்துவமோ என்றால் திருச்சபைச் சட்டமே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி நவதுறவு (துறவறத்தின் முதல் பயிற்சிக் காலம்) குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) குறைந்தது 3 ஆண்டு. அதாவது நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நான்கு ஆண்டாவது ஆகும். திருமணப் பந்தம் நீடிக்கும்வரை ஒருவரை நவதுறவில் சேர்த்தால் அது செல்லாது. அடைக்க முடியாத கடனில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்று 644-ம் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பாருக்கின்_பேனா சொன்ன அந்த முதல் தாள் இங்கே சட்டமாகவே இருக்கிறது. மணமான ஒருவர் நிரந்தரத் திருத்தொண்டராக (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளராக) வேண்டுமானால் 35 வயது முடிந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும்.

பாதி_உழவு

எல்லாருக்கும் நன்றி. 336-ஐப் பற்றி இதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டு விஷயம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. இயேசு ‘தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன்’ என்றவனுக்கே இடம் கொடுக்கவில்லையே? எலிசாவுக்குக் கிடைத்த அனுமதி அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? கணவனுக்கு அழைப்பு, மனைவிக்கு இல்லை என்றால்?

பதில் 5: செபெதேயுவின்_படகு

லூக்கா 9:59-லும் 61-லும் ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்: ‘முன்பு’. ‘முன்பு நான் போய்...’ என்றுதான் இரண்டு பேரும் தொடங்குகிறார்கள். இயேசு அங்கே பெற்றோரைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, அந்த ‘முன்பு’வைத்தான் தொட்டார். எப்போது திரும்புவேன் என்ற தேதியே இல்லாத விடைபெறுதல் அது. எலிசாவோ போனான், மாட்டை அடித்தான், பந்தி போட்டான், எழுந்து எலியாவின் பின்னே வந்தான். வீட்டுக்குப் போனதே பாலத்தை எரிப்பதற்காக என்று சொல்லலாம். உங்கள் ‘முன்பு’வுக்கு ஒரு தேதி இருந்தால் அது எலிசா வகை. தேதி தள்ளிக்கொண்டே போனால் மற்ற வகை.

பெற்றோரைத் தவிக்கவிட்டுப் போவதற்கு ஊழியத்தைச் சாக்காக்கினால் மாற்கு 7:9-13 நேராக மேலே விழும். தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான், இது காணிக்கை’ என்று சொல்லி நிறுத்திவிட்டவர்களைத் தேவ வசனத்தை அவமாக்குகிறவர்கள் என்றார் இயேசு. மாற்கு 1:20-ல் ஒரு சின்ன விவரம் இருக்கிறது, வேகமாக வாசித்தால் தப்பிவிடும்: யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகிலே ‘கூலியாட்களோடு’ விட்டுப் போனார்கள். வலை இழுக்க ஆள் இருந்தது. உங்கள் படகில் கூலியாள் இல்லையென்றால் முதலில் அதற்கு வழி பாருங்கள், 1 தீமோத்தேயு 5:8 கடுமையான வசனம்.

மனைவி விஷயம். 1 கொரிந்தியர் 7:5-ல் ஜெபத்துக்காகக் கொஞ்சகாலம் பிரிந்திருப்பதற்கே இருவரும் சம்மதிக்க வேண்டும் என்கிறார் பவுல். சில நாள் ஜெபத்துக்கே சம்மதம் வேண்டுமென்றால், வீட்டையும் வருமானத்தையும் பிள்ளைகள் படிப்பையும் மாற்றுகிற தீர்மானத்துக்கு வேண்டாமா? ‘கர்த்தர் எனக்குச் சொல்லிவிட்டார், நீ அடங்கு’ என்று தொடங்குகிற ஊழியம் அந்த வீட்டுக்குள்ளேயே உடைகிறது. மத்தேயு 1-ஐப் பாருங்கள். மரியாளுக்குச் சொல்லப்பட்டதை யோசேப்பு நம்பியாக வேண்டும் என்று தேவன் விட்டுவிடவில்லை, அவனுக்கும் தனியாகத் தூதனை அனுப்பினார். அதனால் மனைவிக்குச் சம்மதம் வரும்வரை காத்திருப்பது தேவனுக்கு நேரம் கொடுப்பதுதான். நீங்கள் செய்யக்கூடாதது அந்தத் தூதன் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டு தினமும் வசனம் சொல்லிக் கரைப்பது.

அவள் சொல்கிற ஆட்சேபங்களையும் எழுதிவையுங்கள். அதில் பாதி ஆவிக்குரிய எதிர்ப்பே இருக்காது, நீங்கள் கணக்கில் எடுக்காத செலவாக இருக்கும்.

பதில் 6: துரோவா_துறை

கடைசிக் கேள்வி பாக்கி நிற்கிறது: புறப்பட்டபின் கதவு அடைபட்டால்?

பவுலைத் தரிசனத்தில் கூப்பிட்டது மக்கெதோனிய மனுஷன் ஒருவன். துரோவாவிலிருந்து கப்பல் நேராய் சாமோத்திராக்கே, மறுநாள் நெயாப்போலி, அங்கிருந்து பிலிப்பி. காற்று அவ்வளவு சாதகம். பிற்பாடு அதே பாதையில் திரும்பியபோது ஐந்து நாள் பிடித்தது (அப்போஸ்தலர் 20:6). பிலிப்பியில் போய்ப் பார்த்தால் தரிசனத்து மனுஷனைக் காணோம். ஆற்றங்கரையில் ஜெபிக்கிற ஸ்திரீகள் இருந்தார்கள், இரத்தாம்பரம் விற்கிற லீதியாள் கேட்டாள். கொஞ்ச நாளில் அடி, சிறை, தொழுமரம். இவ்வளவு தெளிவான அழைப்புக்குப்பின் வந்த காட்சி இது. கஷ்டத்தை வைத்து அழைப்பை அளக்க முடியாது.

முன்பு தடுக்கப்பட்ட ஆசியாவைக் கவனியுங்கள். 19:10-ல் எபேசுவில் பவுல் இரண்டு வருஷம் இருக்கிறார், ஆசியாவில் குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்தக் கதவு மூடியிருந்தது அந்த வருஷத்துக்கு மட்டும். பித்தினியாவுக்கோ அவர் போனதாக எங்கும் இல்லை. ஆனால் 1 பேதுரு 1:1-ல் பித்தினியாவிலுள்ள விசுவாசிகளுக்கு நிருபம் போகிறது. வேறு யாரோ போயிருக்கிறார்கள். உங்களுக்கு மூடிய கதவு இன்னொருவருக்குரியதாகவும் இருக்கலாம், இது நமக்குக் கொஞ்சம் கசக்கும்.

தாவீதுக்கு வந்தது இன்னொரு வகை. ஆலயம் கட்டும் ஆசையைத் தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னான், ‘உம்முடைய இருதயத்திலுள்ளபடியெல்லாம் செய்யும்’ என்றான் நாத்தான். அன்று ராத்திரியே கர்த்தர் மறுத்தார். நல்ல மனுஷன் நல்லெண்ணத்தில் சொன்ன ‘சரி’யும் தேவனுடைய ‘சரி’யாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல இடமில்லை. தாவீது முறுக்கிக்கொண்டு உட்காரவில்லை, மகன் கட்டுவதற்கு மரமும் இரும்பும் வெண்கலமும் சேர்த்துக் குவித்தான் (1 நாளாகமம் 22).

சபை வரலாற்றிலும் இது புதிதல்ல. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1812-ல் கல்கத்தா வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கவிடவில்லை. கப்பலில் வரும்போதே ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்து மாறியதால் அனுப்பிய சங்கத்தின் ஆதரவையும் இழந்தார். மொரீசியஸ், மதராஸ் என்று அலைந்து 1813 ஜூலையில் பர்மாவின் ரங்கூன் போய்ச் சேர்ந்தார். முதல் விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். பர்மிய வேதாகமம் அவர் மொழிபெயர்த்தது. மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் சீனாவுக்குப் போகத்தான் தயாரானார், அபினி யுத்தம் குறுக்கே வந்தது, ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

நமக்கு உடனே உதவக்கூடியது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இஞ்ஞாசி_அன்பர் திருத்தலாம். இஞ்ஞாசியார் 1523-ல் எருசலேமிலேயே தங்கிவிடத்தான் போனார், அங்கிருந்த பிரான்சிஸ்கன் தலைவர் அனுமதிக்கவில்லை. 1534-ல் பாரிஸின் மொன்மார்த்தரில் தோழர்களோடு மறுபடியும் எருசலேமுக்கென்று பொருத்தனை செய்தபோது அதற்குள்ளேயே ஒரு மாற்று வழியையும் எழுதிக்கொண்டார்கள்: குறிப்பிட்ட காலத்துக்குள் போக முடியாவிட்டால் போப்பாண்டவரிடம் போய் எங்கே வேண்டுமானாலும் அனுப்பும்படி நிற்போம் என்று. வெனிஸில் ஒரு வருஷம் காத்திருந்தார்கள். துருக்கியரோடு யுத்தம், கப்பலில்லை. ரோமுக்குப் போனார்கள். 1540-ல் இயேசு சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது. தீர்மானம் எழுதும்போதே ‘இத்தனை மாதத்தில் இது நடக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பேன்’ என்ற வரியைச் சேர்த்துவிட்டால், கதவு அடைபடும் அன்று அழுதுகொண்டே யோசிக்கவேண்டியிருக்காது.

இஞ்ஞாசி_அன்பர்

திருத்த ஒன்றுமில்லை. காத்திருந்த அந்த ஆண்டில் அவர்கள் சும்மா இருக்கவில்லை, மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்தார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாதி_உழவு

இரண்டு தாளையும் இன்றே எழுதச் சொல்கிறேன், மாற்று வழி வரியோடு. ஒரு சின்ன சந்தேகம்: ராஜினாமாக் கடிதத்தில் ‘தேவ அழைப்பு’ என்று காரணம் எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் சாட்சியை மறைத்ததாகாதா?

பாருக்கின்_பேனா

எழுத வேண்டாம். கடிதத்தில் கடைசி வேலைநாள், யாரிடம் எந்தப் பொறுப்பை ஒப்படைக்கிறீர்கள், பாக்கி விடுப்பு இருந்தால் அது, நன்றி. இவ்வளவு போதும். மேலதிகாரி வாய்விட்டுக் கேட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிவிப்புக் காலத்தில் ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள், முடிக்காத வேலைகளின் பட்டியலை உங்களுக்குப் பின் வருகிறவர் புரிந்துகொள்ளும்படி எழுதிக்கொடுங்கள். அதில் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.